விலை அட்டை கழற்றாத ஜெர்கின்

கனடாவின் வினிபெக் நகரத்தில் கார்க் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்ட வேண்டிய முதல் காலை வந்ததும், ஒரு வகை மனிதர் வெளியே தலைகாட்டுகிறார். அவர் பெயர் ஜெர்கின் தேடுபவர். ஜெர்கின் வாங்குபவர் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். வாங்குபவர் வேறு இனம். அவர் கடைக்கு வருவார், கை நீளம் சரியா என்று பார்ப்பார், காசைக் கொடுப்பார், சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். அவரைப் பற்றி எழுத ஒரு வரி போதும். எழுதியும் விட்டேன்.

தேடுபவரைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களின் மேசை என்னுடையது. கடையில் மற்றவர்கள் மனிதர்களை ஆசையோடு உள்ளே வரும்போது பார்க்கிறார்கள். நான் மனம் மாறித் திரும்பி வரும்போது பார்க்கிறேன். ஆகவே எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இவரை எப்படி அடையாளம் காண்பது? சிவப்பு விளக்கில் நிற்கும்போது பாருங்கள். பக்கத்தில் சைக்கிளோடு நிற்கிற முன்பின் தெரியாத பெண்ணின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து, ஜவுளிக்கடையில் பட்டு பார்ப்பது போலக் கசக்கிக்கொண்டிருப்பார்.

"என்னங்க, என்ன பண்றீங்க?"

"இல்ல, இந்தத் துணி மூச்சு விடுதான்னு பார்த்தேன்."

"நான் விடறேன். அது போதும். கையை எடுங்க."

விளக்கு பச்சையாகும். அந்தப் பெண் போய்விடுவார். இவர் அங்கேயே நின்று, போகிறவரின் முதுகுத் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வருகிறவர்கள் மணியடிப்பார்கள்.

இவர் கேட்பது அதிகம் ஒன்றும் இல்லை. காற்று உள்ளே வரக் கூடாது. ஆனால் வியர்வை வெளியே போய்விட வேண்டும். குனிந்து ஓட்டும்போது இடுப்பு தெரியாதபடி பின்பக்கம் நீளமாக இருக்க வேண்டும். ஆனால் முன்பக்கம் முழங்காலில் இடிக்கக் கூடாது. இருட்டில் லாரிக்காரனுக்கு அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரிய வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அக்குளில் ஒரு ஜிப் வேண்டும், அந்த ஜிப் கையுறையோடு திறக்க வர வேண்டும், திறந்தால் சத்தம் வரக் கூடாது. இத்தனையும் நூற்றைம்பது டாலருக்குள். அதுவும் முழு விலையில் அல்ல, தள்ளுபடியில்.

தள்ளுபடி ஏன்? அது எங்கள் ஊர்க் குணம். இங்கே ஒருவரிடம் 'சட்டை நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் அவர் நன்றி சொல்ல மாட்டார். விலையைச் சொல்வார். விலை எவ்வளவு குறைவோ அவ்வளவு தலை நிமிரும். போன நவம்பரில், ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நிற்கும் கூடத்தில் நானே காதால் கேட்டது இது. கேட்டவர் என் பக்கத்து வீட்டுக்காரர் லோர்ன் பென்னர். பதில் சொன்னவர் கோர்னி தீசன்.

"புது ஜெர்கின் போல இருக்கே, கோர்னி."

"எழுபது பர்சன்ட் தள்ளுபடிப்பா."

"ஜிப் பாதியிலேயே நிக்குதே?"

"அதனாலதான் எழுபது."

லோர்னின் முகத்தில் பொறாமை தெரிந்தது. ஓடாத ஜிப்பைப் பார்த்தல்ல, அந்த எழுபதைப் பார்த்து.

இந்த லோர்ன் பென்னர்தான் நம் ஆள். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனி கொட்டினால் தன் வாசலைத் தள்ளிவிட்டு எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளுவார். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஜன்னலை ஒரு சட்டத்தில் பொருத்தி, ஒரு பக்கமிருந்து காற்றை அடித்து, மறுபக்கம் எங்காவது ஊசிமுனை அளவு கசிகிறதா என்று பார்ப்பவர் அவர். இருபது வருடங்களாக அவர் கையைத் தாண்டிக் கசிகிற ஜன்னல் எதுவும் வெளியே போனதில்லை என்று அவர் மனைவி மார்லிஸே சொல்வாள்.

மார்லிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஜெர்கினுக்காக உண்மையில் காத்திருந்தது அவள்தான். ரொட்டிக்கடையில் விடிகாலை வேலை பார்த்துக்கொண்டே, கட்டடங்களுக்கு மின்வேலை செய்யக் கற்றுக்கொள்ளும் மாலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். மூன்றாவது முயற்சியில் இடம் கிடைத்தது. ஜனவரியில் ஆரம்பம். பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம். மாலையில் பேருந்து மணிக்கு ஒன்று, அதிலும் நடுவே இறங்கி மாற வேண்டும். வீட்டில் ஒரே ஒரு கார். அது லோர்னோடு தொழிற்சாலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்பும்.

செப்டம்பரில், சாப்பாட்டு மேசையில், பாலாடைக்கட்டி அடைத்த கொழுக்கட்டைகளுக்கு நடுவில் லோர்ன் வாக்குக் கொடுத்தார்.

"கார் உனக்கு, மார்லிஸ். ஜனவரியிலேர்ந்து நான் சைக்கிள்."

"மைனஸ் முப்பது டிகிரிக் குளிர்லயா?"

"ஊர்ல ஓட்டறவங்க ஓட்டலையா? ஒரு நல்ல ஜெர்கின் இருந்தா போதும்."

ஒரு நல்ல ஜெர்கின் இருந்தால் போதும். இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பேர் விழுந்து காணாமல் போயிருக்கிறார்கள் தெரியுமா உங்களுக்கு?

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. பனிக்கட்டியில் வழுக்காத ஆணி டயர் அக்டோபரிலேயே வந்துவிட்டது. சேறு தெறிக்காத தகடு, முன்விளக்கு, பின்விளக்கு, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கம்பளி. சைக்கிள் கல்யாண மாப்பிள்ளை போல அலங்காரத்தோடு பின்கட்டில் நின்றது. ஜெர்கின் மட்டும் வரவில்லை. இல்லை, தவறாகச் சொல்கிறேன். ஜெர்கின்கள் வந்தன. வந்து வந்து போயின.

முதலில் வந்தது மஞ்சள். காற்று ஒரு பொட்டு நுழையாது. பிளாஸ்டிக் பை மாதிரி. அதை லோர்ன் எப்படிச் சோதித்தார் தெரியுமா? வீட்டுப் பின்புறம் பனிக்கு நடுவில் போய் நின்றார். விலை அட்டையைக் கிழிக்காமல் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டார். நெஞ்சுக்குள் ஒரு வெப்பமானி. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கி, வயல்காட்டுப் பொம்மை போல அசையாமல் நின்றார். நாயை வெளியே விட வந்த நான் வேலிக்கு இப்பாலிருந்து கேட்டேன்.

"லோர்ன், ஒரு தெரு ஓட்டிப் பார்த்துட்டு வந்தா என்ன?"

"ஓட்டினா வியர்க்கும்."

"வியர்த்தா?"

"வியர்த்ததைத் திருப்பிக் கொண்டுவந்தா நீ வாங்குவியா?"

வாங்க மாட்டேன்தான். ஒரு மாதத்துக்குள், அட்டை இருக்க வேண்டும், அழுக்கு இருக்கக் கூடாது. அது கடையின் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் இந்த இனத்தார் வேதமாக எடுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கிற உரிமை போய்விடக் கூடாது என்பதற்காகவே சைக்கிள் ஜெர்கினைச் சைக்கிள் பக்கமே கொண்டுபோகாதவர்கள் இவர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விஷயம் தெரியாதவர் அல்ல லோர்ன். தெரிந்தவர். என் மேசையில் சாய்ந்துகொண்டு, வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் கேட்கும்படி எனக்குப் பாடமே எடுத்திருக்கிறார். குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவன் வாசலில் நிற்கும்போது நடுங்க வேண்டும்; நடுங்கினால்தான் சரியாக உடுத்தியிருக்கிறான் என்று அர்த்தம்; நாலு மிதி மிதித்தால் உடம்பே அடுப்பாகிவிடும்; நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் பாதி வழியில் வெந்து, வியர்த்து, அந்த வியர்வையே உறைந்து ஆளைக் கொல்லும். அழகாகச் சொன்னார். வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டினார். பிறகு லோர்ன் மஞ்சள் ஜெர்கினை என் முன்னால் வைத்தார்.

"ஏன் திருப்பித் தர்றீங்க, லோர்ன்?"

"நின்னா குளிருது."

நான் கணினிப் பக்கம் திரும்பினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் அப்படியே அடித்தேன்.

அடுத்து வந்தது மெத்தை மாதிரி ஒன்று. அது நிற்கும்போது குளிரவில்லை. வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் கழுத்து ஈரமாகிவிட்டதாம்; அட்டையில் ஈரம் பட்டுவிடப் போகிறதே என்று பதறி அவிழ்த்துவிட்டார். அதற்கடுத்த நீலத்துக்குக் கை குட்டை. கறுப்பு அழகு, ஆனால் இருட்டில் கறுப்பைப் போட்டுக்கொண்டு ஆற்றோரம் போனால் லாரிக்காரனைக் குறை சொல்ல முடியாது. ஒன்று எல்லாவற்றிலும் பொருந்தியது. காற்று, கை, முதுகு, அக்குள் ஜிப், சத்தமின்மை, எல்லாம். லோர்ன் கண்ணாடியின் முன் நின்று இப்படித் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியது என்று சொன்னால் மிகை. ஆனால் மூக்கை உறிஞ்சினார். பிறகு அதைக் கழற்றி, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பஜ்ஜி சாப்பிட்ட பிறகு 'ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம்' என்கிற மாப்பிள்ளை வீட்டாரைப் போல வெளியே நடந்தார்.

"ஏன், என்ன குறை?" என்றேன்.

"முழு விலைப்பா. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குறைப்பாங்க."

குறைத்தார்கள். அவருடைய அளவு மட்டும் இல்லை. அந்த அளவை யாரோ ஒரு வாங்குபவர், பாவம், முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

அன்றைய கூட்டத்தோடு கூட்டமாக இடிபட்டு லோர்ன் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கொண்டுபோனார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. 'சும்மா கையில ஒண்ணு இருக்கட்டும்' என்று எடுத்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, முதுகுப் பக்கம் அட்டையோடு. மார்லிஸ் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே காப்பி போட்டாள்.

"அதுக்கு என்ன குறை, லோர்ன்?"

"குறைன்னு ஒண்ணும் இல்ல. ஆனா நிறைவுன்னும் சொல்ல முடியல."

"என்னைப் பத்தியும் இப்படித்தான் உங்க அம்மாகிட்ட சொன்னியா?"

"உனக்கு அட்டை இல்லையே, மார்லிஸ்," என்றார் லோர்ன். பிறகு அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. பள்ளியிலிருந்து தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: முதல் நாள் வராதவருடைய இடம், காத்திருக்கிறவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும். மூன்றாவது முயற்சியில் கிடைத்த இடம்.

முதல் வகுப்பு நாள் வந்தது. அன்று காலை லோர்ன் ஆரஞ்சு ஜெர்கினைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நடுங்கினார். உள்ளே வந்து அதை மறுபடி ஆணியில் மாட்டினார்.

"இன்னைக்கு ஒரு நாள் நான் காரையே எடுத்துட்டுப் போறேன். சாயங்காலம் சீக்கிரம் வந்து நானே உன்னைக் கொண்டுபோய் விட்டுடறேன். அடுத்த வாரத்திலேர்ந்து சைக்கிள்."

"லோர்ன்."

"சத்தியமா. அஞ்சு மணிக்கு வாசல்ல ஹாரன் அடிப்பேன்."

அன்று மாலை நாலரைக்கு அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். என் எதிரே இருந்தார். கொஞ்சம் சுற்றினால் கடை, புதுச் சரக்கு இறங்கியிருக்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

"இன்னைக்கு மார்லிஸுக்கு வகுப்பாச்சே?"

"நேரம் இருக்கு, நேரம் இருக்கு. இந்தச் சாம்பல் நிறத்துல பெரிய அளவு உள்ளே இருக்கா பாரு."

உள்ளே இருந்தது. போட்டார். கையைத் தூக்கினார். வயல்காட்டுப் பொம்மையாக நின்றார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அப்போதுதான் அவருக்கு உயிர் வந்தது. ஓடினார்.

தண்டவாளத்தருகே போகும்போது ரயில்வே கேட்டின் கட்டை இறங்கியது. எங்கள் ஊர்ச் சரக்கு ரயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கோதுமை ஏற்றிக்கொண்டு அது போக ஆரம்பித்தால், ஒரு குழந்தை பிறந்து நடக்கப் பழகிவிடும் என்பார்கள். பாதி போய் நின்றுவிடுகிற வழக்கமும் அதற்கு உண்டு. அன்று நின்றது. லோர்ன் வீட்டுக்குப் போன் செய்தார்.

"மார்லிஸ், ரயில்."

"எங்கே இருக்கே?"

"தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். அது நகரவே மாட்டேங்குது. நீ தயாரா இரு, நான் வந்ததும்..."

"தொழிற்சாலையிலேர்ந்து வர்ற வழியில தண்டவாளமே இல்லையே, லோர்ன்."

ஜன்னலில் கசிவு தேடுகிறவரிடமே ஒரு கசிவைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

"சரி," என்றாள் மார்லிஸ். போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றாளாம். பேருந்து போய்விட்டது, அடுத்தது வருவதற்குள் வகுப்பே பாதி முடிந்துவிடும். கதவு பக்கம் திரும்பினால் ஆரஞ்சு ஜெர்கின். ஜன்னல் பக்கம் திரும்பினால் பின்கட்டில் மாப்பிள்ளைச் சைக்கிள். இத்தனை மாதங்களில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியதாம்: இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன?

கம்பளிச் சட்டைமேல் ஜெர்கினை மாட்டினாள். கை நீளம், மடித்துவிட்டாள். இருக்கையை இறக்கினாள். ஏறினாள். போய்விட்டாள்.

லோர்ன் வந்து ஹாரன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த நான் வெளியே எட்டிப் பார்த்தேன். அவர் உள்ளே ஓடினார், வெளியே ஓடிவந்தார்.

"மார்லிஸைப் பார்த்தியா?"

"இல்லையே."

"சைக்கிளைக் காணோம். அவளையும் காணோம்." தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். "ஜெர்கினையும் காணோம்."

வரிசையை நான் மாற்றவில்லை. அவர் சொன்ன வரிசை அதுதான். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். அடுத்த நொடி அவர் முகம் வெளுத்துவிட்டது. இந்தக் குளிரில், வழுக்குகிற ஆற்றோரப் பாதையில், பழக்கமில்லாதவள். காரை எடுத்துக்கொண்டு அந்தப் பாதையை ஒட்டிய சாலையில் பள்ளி வரை ஊர்ந்து போனார். போகிற வழியெல்லாம் ஆணி டயரின் கோடு பனியில் ஒரே நேராகப் போயிருந்தது. பள்ளி வாசலில் சைக்கிள் பூட்டி நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. அவர் வகுப்பு முடியும் வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய சோதனைகளில் மிக நீளமானது அதுதான்.

மார்லிஸ் வெளியே வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. தோளில், பள்ளியில் கொடுத்த சாமான் பை.

"இடம்...?"

"இருக்கு. ரெண்டு நிமிஷம் பிந்திட்டேன். ஜெர்கின் வெளிச்சத்துல மின்னினதைப் பார்த்துட்டு வாத்தியாரே கதவைத் திறந்துவிட்டாரு."

"மன்னிச்சிடு, மார்லிஸ்."

"ம்."

இத்துடன் முடித்திருந்தால் அவர் சாதாரண மனிதர். ஆனால் அவர் எந்த இனம் என்று உங்களுக்குத் தெரியும். அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"ஜெர்கின்."

"முதல் திருப்பத்துல குளிருச்சு. ரெண்டாவது திருப்பத்துல அப்படி ஒண்ணு போட்டிருக்கேங்கிறதே மறந்துபோச்சு."

"வியர்த்துச்சா?"

"நல்லா."

லோர்ன் கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ இதைத் திருப்பிக் கொடுக்க முடியாதே!"

மார்லிஸ் பையைத் திறந்தாள். உள்ளே புத்தம்புதிதாக, கம்பி வெட்டுகிற குறடு ஒன்று இருந்தது. அன்று எல்லோருக்கும் கொடுத்தது. ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், வழியெல்லாம் காற்றில் படபடத்து வந்த அட்டையைத் தேடிப் பிடித்தாள். 'டிக்' என்றது. அவள் படித்துச் செய்த முதல் மின்வேலை அதுதான் என்று இப்போதும் சொல்கிறாள்.

சைக்கிளில்தான் திரும்பினாள். கார் பின்னால் வந்தது.

அன்றிலிருந்து ஏற்பாடு மாறிவிட்டது. சைக்கிள் மார்லிஸுக்கு, கார் லோர்னுக்கு. 'வாக்குக் கொடுத்தது நான்தானே, எனக்கும் ஒரு ஜெர்கின் பார்த்துவிட்டால் நானும் ஓட்டுவேன்' என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொண்டும் இருக்கிறார். மார்ச் பிறந்து, பனி இளகி, தெருவில் தண்ணீர் ஓடுகிறது. இப்போது மழைக்கும் தாங்குமா என்பதும் சோதனையில் சேர்ந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காப்பிக் கூடத்தில் கோர்னி தீசன் மார்லிஸிடம், 'ஆரஞ்சு உனக்கு ரொம்ப நல்லா இருக்கே' என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து லோர்ன் விலையைச் சொன்னார். திங்கட்கிழமை அதே ஜெர்கினின் விலை இன்னும் இருபது டாலர் இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலை அந்த இருபதைத் திருப்பிக் கேட்டு என் மேசைக்கு முன்னால் யார் நின்றார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் பனி கிடையாது, நீங்கள் சைக்கிளைத் தொட்டே பல வருடமாயிற்று, ஆகவே இந்த இனத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கூடத்துச் சோபாவின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை எப்போது கழற்றப் போகிறீர்கள்? அலமாரியில் 'நல்ல நாளுக்கு' என்று வைத்திருக்கும் அந்தச் சட்டைக்கு எந்த நாள் போதிய அளவு நல்ல நாள்? எதையோ இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டுத் தொடங்கலாம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க, உங்கள் வீட்டில் ஒருவர் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லையே?

எதற்கும் ஒரு தடவை கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பாருங்கள்.

ஏதோ உறுத்துகிறதல்லவா?